கடலில் தூண்டில் போடுபவர் விதிகளை மாற்றக் குரல் கொடுப்பது எப்படி? கலிஃபோர்னியா கடற்கரைக்கான கேள்வி பதில்

பொழுதுபோக்குக்காகக் கடலில் மீன் பிடிப்பவர் ஒரு நாளைக்கு எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், குறைந்தபட்ச நீளம் என்ன, எந்த மாதம் போகலாம், எத்தனை பாகம் (ஃபேதம், அதாவது 6 அடி) ஆழம் வரை இறங்கலாம் என்று கலிஃபோர்னியாவில் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. அந்த விதிகள் மூடிய அறைக்குள் எழுதப்படுவதில்லை. கூட்டம் போட்டு, ஆவணங்களை முன்கூட்டியே வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று சொல்லித்தான் எழுதுகிறார்கள். ஆனாலும் படகுத்துறைப் பலகையில் புதிய வரம்பை ஒட்டிய பிறகுதான் பலருக்கு விஷயம் தெரிகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. எங்கே, எப்போது, எதைச் சொன்னால் எடுபடும் என்பதே இந்தப் பக்கம்.

விதிகளை யார் முடிவு செய்கிறார்கள்?

கரையிலிருந்து 3 கடல்மைல் வரை மாநிலத்தின் கடல். அங்கே பொழுதுபோக்கு மீன்பிடி விதிகளை எழுதுவது கலிஃபோர்னியா மீன் மற்றும் வேட்டை ஆணையம். ஆளுநர் நியமித்து மாநில செனட் உறுதிசெய்யும் 5 பேர் அதில் இருக்கிறார்கள். மீன் மற்றும் வனவிலங்குத் துறை என்பது வேறு. அறிவியல் கணக்கு, விதிமீறலைப் பிடிக்கும் வார்டன்கள், உரிமம் எல்லாம் துறையின் வேலை. ஓட்டுப்போட்டு முடிவெடுப்பது ஆணையம். துறையின் அலுவலகத்துக்குப் போய் மணிக்கணக்காக வாதாடிவிட்டு, ஆணையத்துக்கு ஒரு வரிகூட எழுதாமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

3 முதல் 200 கடல்மைல் வரை கூட்டாட்சிக் கடல். 1976ஆம் ஆண்டின் மேக்னசன் சட்டம் நாடு முழுவதும் 8 வட்டார மீன்வள மேலாண்மைக் கவுன்சில்களை உருவாக்கியது. கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன், ஐடஹோ ஆகிய நான்கும் பசிபிக் கவுன்சிலின் கீழ் வருகின்றன. ஓட்டுரிமை உள்ளவர்கள் 14 பேர்: நான்கு மாநிலத் துறைகளின் பிரதிநிதிகள், கூட்டாட்சி மீன்வளச் சேவையின் வட்டார அதிகாரி, பழங்குடி அரசுகளின் பிரதிநிதி ஒருவர், பொதுமக்களிலிருந்து 8 பேர். கவுன்சில் செய்வது பரிந்துரை. அதைச் சட்ட விதியாக்குவது கூட்டாட்சி மீன்வளச் சேவை. ஆனாலும் உண்மையான பேரம் நடப்பது கவுன்சில் மேசையில்தான்.

நான் குடிமகன் இல்லை, விசாவில் இருக்கிறேன். பேசலாமா?

தாராளமாக. இது தேர்தல் இல்லை. ஆணையத்திடம் விதி மாற்றம் கேட்டு மனுப் போட குடியுரிமை வேண்டாம், மீன்பிடி உரிமம்கூட வேண்டாம். மாநில அமைப்புகளின் கூட்டங்களுக்கான திறந்த கூட்டச் சட்டப்படி, கூட்டத்துக்கு வருவதற்கு நிபந்தனையாக உங்கள் பெயரைக்கூட அவர்கள் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது.

அதே சட்டத்தில் நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசுபவருக்கு, மற்றவர்களுக்குக் கொடுக்கும் நேரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தரவேண்டும் (உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இருந்தால் இது பொருந்தாது). ஊரிலிருந்து வந்து பேரப்பிள்ளைகளோடு பியரில் (கடலுக்குள் நீளும் மேடையில்) தூண்டில் போடும் அப்பாவுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால், தமிழிலேயே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லலாம்.

எந்த மீனுக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

சால்மன், பசிபிக் ஹாலிபட், ராக்ஃபிஷ், லிங்காட் போன்றவற்றுக்கு முதலில் பசிபிக் கவுன்சில். சால்மனுக்கும் பசிபிக் ஹாலிபட்டுக்கும் கூட்டாட்சி விதி மாறினால் மாநில விதியும் தானாகவே அதோடு ஒத்துப்போகும்படி ஏற்பாடு இருக்கிறது. ஆகவே இவ்விரண்டுக்கும் ஆணையத்தில் காத்திருந்து பேசுவது, ரயில் போனபின் பிளாட்ஃபாரத்துக்கு வருவது மாதிரி. பசிபிக் ஹாலிபட்டின் மொத்த அளவைத் தீர்மானிப்பது அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்தும் பன்னாட்டு ஆணையம். அதை மேற்குக் கடற்கரையில் பங்கு பிரிக்கும் திட்டத்தைக் கவுன்சில் செப்டம்பர், நவம்பர் கூட்டங்களில் திருத்துகிறது.

கலிஃபோர்னியா ஹாலிபட் (பசிபிக் ஹாலிபட்டும் இதுவும் வெவ்வேறு மீன்), சிங்கி இறால், டஞ்ஜினஸ் நண்டு, ஹெர்ரிங், சர்ஃப்பெர்ச், கடல் முள்ளெலி, அபலோன் (ஒருவகைக் கடல் நத்தை), கடல் பாதுகாப்புப் பகுதிகளின் எல்லை ஆகியவற்றுக்கு மாநில ஆணையம். உரிமக் கட்டணம் அதிகம் என்ற புகாருக்கு இவர்கள் யாருமே இல்லை. அது சட்டமன்றம் வகுத்தது. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள்.

எப்போது பேசினால் பலன்?

கடைசி ஓட்டெடுப்பு நாளில் அறை நிரம்பி வழிகிறது. ஆனால் அன்றைக்கு மாற்றக்கூடியது மிகக் குறைவு. ஏனென்றால் அதற்குள் மாற்றுத் திட்டங்கள் ஆராயப்பட்டு, பொருளாதாரக் கணக்கு எழுதப்பட்டு, வெளியிட்ட வரம்புக்குள்தான் முடிவெடுக்கலாம் என்ற நிலை வந்திருக்கும். உங்கள் யோசனை ஆராயப்படும் திட்டங்களின் பட்டியலில் இடம்பிடிக்க வேண்டும். அதற்கான நேரம் முதல் கூட்டம்.

ஆணையத்தில் பொதுவாக மூன்று கூட்டங்கள்: அறிவிப்பு, விவாதம், ஏற்பு. அறிவிப்பு வெளியான பின் எழுத்துக் கருத்துக்குக் குறைந்தது 45 நாள். இடையில் வரைவைத் திருத்தினால், திருத்தம் முதல் அறிவிப்போடு தொடர்புள்ளதாக இருக்கும்பட்சத்தில் இன்னும் 15 நாள். அறிவிப்பில் '4 முதல் 6 மீன் வரை' என்று ஒரு வீச்சைப் போட்டிருந்தால், விவாதக் கூட்டத்தில் 5 கேட்கலாம். 8 கேட்டால் முழு நடைமுறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஆகவே யாரும் கேட்கமாட்டார்கள். அந்த வீச்சு அகலமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் அறிவிப்புக்கு முன் செய்யவேண்டிய வேலை.

ராக்ஃபிஷ் உள்ளிட்ட, கடலடியை ஒட்டி வாழும் தரைமீன்களுக்குக் கவுன்சில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விதி எழுதுகிறது. ஒற்றைப்படை ஆண்டில் மீன் இருப்பு மதிப்பீடு. அந்த ஆண்டு செப்டம்பர், நவம்பர் கூட்டங்களில் எவற்றை ஆராய்வது என்று பட்டியல். இரட்டைப்படை ஆண்டில் ஏப்ரலில் முதற்கட்டத் தேர்வு, ஜூனில் இறுதித் தேர்வு. அடுத்த ஜனவரி 1 முதல் நடைமுறை. ஆழ எல்லையை மாற்றவேண்டும் என்றால் நவம்பரில் கேளுங்கள். ஜூனில் கேட்டால் 'அடுத்த சுற்றில் பார்க்கலாம்' என்பார்கள், அதாவது இரண்டு ஆண்டு கழித்து.

சால்மனுக்கு மட்டும் ஏன் எல்லாம் இவ்வளவு அவசரமாக நடக்கிறது?

மீன் எண்ணிக்கையைக் கணிக்க முந்தைய இலையுதிர் காலத்தில் ஆற்றுக்குத் திரும்பிய மீன்களின் கணக்கு வேண்டும். அது கையில் வர பிப்ரவரி ஆகிவிடும். எனவே முழுச் சுற்றும் சில வாரங்களில் முடிகிறது. பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கத்தில் துறை ஒரு தகவல் கூட்டம் நடத்தும். மார்ச் கவுன்சில் கூட்டத்தில் மூன்று மாற்றுத் திட்டங்கள் வகுக்கப்படும். மார்ச் மாதமே மாநிலத்துக்கு ஒன்று என்று பொது விசாரணைகள். ஏப்ரலில் முடிவு.

மூன்று திட்டங்களையும் முழுசாக ஆதரிப்பது, எதிர்ப்பது என்பதில் பயனில்லை. இறுதி முடிவு பெரும்பாலும் மூன்றிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்துத் தைத்ததாகவே இருக்கும். ஆகவே துண்டுகளைப் பற்றிப் பேசுங்கள். கலிஃபோர்னியாக் கடல் வடக்கிலிருந்து தெற்காகக் கிளமாத், ஃபோர்ட் பிராக், சான் ஃபிரான்சிஸ்கோ, மான்டரே என்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வடக்கே ஒரு நாள் திறந்தால் கிளமாத் ஆற்று மீனுக்கு விழும் அடி அதிகம், தெற்கே குறைவு. தெற்கிலோ அழிநிலையில் உள்ள சேக்ரமென்டோ ஆற்றுக் குளிர்கால சினூக் (சால்மனில் ஒரு வகை) குறுக்கே வரும். அது உருவத்தில் சிறியது என்பதால் குறைந்தபட்ச நீளத்தை 20 அங்குலத்திலிருந்து 24 ஆக்கினால் தப்பிக்கிறது. 'எங்களுக்கு நீளம் 24 அங்குலம் ஆனாலும் பரவாயில்லை, ஜூலையில் வார இறுதிகளைக் கொடுங்கள்' என்பது கணிப்பொறியில் போட்டுப் பார்க்கக்கூடிய கோரிக்கை. 'எங்கள் பிள்ளைகளுக்கும் மீன் வேண்டாமா' என்பதை எந்தக் கட்டத்தில் போடுவது?

சேக்ரமென்டோ இலையுதிர் சினூக்குக்கு இலக்கு, முட்டையிடத் திரும்பும் பெரிய மீன்கள் 1,22,000 முதல் 1,80,000 வரை. 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் கலிஃபோர்னியாவில் கடல் சால்மன் பிடிப்பு அடியோடு மூடப்பட்டது. வறட்சியும் ஆற்று நீரின் வெப்பமும் குஞ்சுகளைக் கொன்றதன் விளைவு அது. கவுன்சில் ஆற்று அணைகளைக் கட்டுப்படுத்துவதில்லை. நீர் ஒதுக்கீட்டைப் பற்றிய கோபத்தை அங்கே கொட்டினால் பதிவாகுமே தவிர ஒரு நாள்கூடத் திறக்காது.

ஆணையத்துக்கு மனு எழுதுவது எப்படி?

எஃப்.ஜி.சி. 1 என்ற படிவம் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் கட்டாயமான பகுதி சிறியது: நீங்கள் யார், ஆணையத்துக்கு இதைச் செய்ய எந்தச் சட்டப்பிரிவு அதிகாரம் தருகிறது, என்ன மாற்றம் வேண்டும், ஏன் வேண்டும். பலர் தடுக்கி விழுவது சட்டப்பிரிவில்தான். பொழுதுபோக்கு மீன்பிடியின் சீசன், வரம்பு, இடம், முறை ஆகியவற்றுக்கு மீன் மற்றும் வேட்டைச் சட்டத்தின் 200, 205 பிரிவுகளைக் குறிப்பிடுவது வழக்கம். அந்த இடத்தைக் காலியாக விட்டால் மனு முழுமையற்றது என்று திரும்பி வரும்.

கட்டாயமில்லாத பகுதியையும் நிரப்புங்கள். குறிப்பாக, எந்த விதியைத் திருத்த வேண்டும் என்ற எண். மாநில ஒழுங்குவிதிகளின் 14ஆம் தொகுதியில் கடல் சால்மன் 27.80, கலிஃபோர்னியா ஹாலிபட் 28.15, நண்டு 29.85, சிங்கி இறால் 29.90, கடல் பாதுகாப்புப் பகுதிகள் 632. பழைய வாசகத்தை அப்படியே எடுத்து, நீக்கவேண்டியதை அடித்து, சேர்க்கவேண்டியதற்கு அடிக்கோடிட்டுக் கொடுத்தால் ஊழியர்களின் வேலை பாதி முடிந்தது. முடிந்தவரை ஒரு மனுவில் ஒரே ஒரு மாற்றம்.

ஒரு கூட்டத்தில் மனு பெறப்பட்டதாக அறிவிப்பார்கள். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். அங்கே மறுக்கலாம், ஏற்கலாம், அல்லது துறையின் ஆய்வுக்கு அனுப்பலாம். ஆய்வுக்குப் போன மனு மாதக்கணக்கில் ஊறும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, உங்கள் எண் இருந்தால் ஒரு பத்தி எழுதி அனுப்புவது நல்லது.

மனுக்கள் ஏன் மறுக்கப்படுகின்றன?

ஆணையத்துக்கு அதிகாரமே இல்லாத விஷயம். 12 மாதத்துக்குள் முடிவான அதே கோரிக்கை. வார்டனால் கடலில் சோதிக்க முடியாத விதி ('மீன் தூண்டிலை விழுங்கியிருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம்' போன்றவை). ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மேலாண்மைத் திட்டத்தோடு மோதுவது. இவற்றில் மூன்றாவதுதான் நல்ல யோசனைகளையும் கொல்கிறது. எழுதும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: படகுத்துறையில் நிற்கும் வார்டன், குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தே மீறலைச் சொல்லிவிட முடியுமா?

பொதுமக்கள் மனுவால் உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கிறதா?

கெல்ப் என்ற பெரிய கடற்பாசிக் காடுகளின் கதையைச் சொல்லலாம். 2013 முதல் கடல் நட்சத்திரங்கள் நோயில் அழிந்தன, 2014–16இல் கடல் வெப்ப அலை. தின்பதற்கு நட்சத்திரம் இல்லாததால் ஊதா நிறக் கடல் முள்ளெலிகள் பெருகி கெல்ப்பை மேய்ந்து தீர்த்தன. கெல்ப் இல்லாமல் சிவப்பு அபலோன் பட்டினி கிடந்தது. அதன் பொழுதுபோக்குப் பிடிப்பு 2018இல் மூடப்பட்டது. முள்ளெலிக்கோ ஒருவருக்கு நாளைக்கு 35 என்ற பழைய வரம்பு நீடித்தது. முக்குளிப்பவர்கள் விதி மாற்றம் கேட்டு வந்தார்கள். வடக்கு மாவட்டங்களில் வரம்பு முதலில் 20 காலன், பிறகு 40 காலன் ஆனது. மென்டசினோவின் காஸ்பர் கோவ், மான்டரேயின் டேங்கர் ரீஃப் என்ற இரண்டு சிறிய இடங்களில் வரம்பே நீக்கப்பட்டது. டேங்கர் ரீஃப் மாற்றம் முக்குளிப்பவர்களின் மனுவில் தொடங்கியது. நீருக்கடியிலேயே நசுக்க அனுமதித்தார்கள்.

அந்த மனு எடுபட்டதற்குக் காரணம் அதன் வடிவம். கடற்கரை முழுக்கக் கேட்கவில்லை. இடம் சிறியது, எல்லை தெளிவு, காலம் வரையறுத்தது, முன்னும் பின்னும் எண்ணிக் காட்ட ஏற்பாடு இருந்தது. சோதனையாகக் கேட்டால் ஆணையம் துணிவது எளிது.

எழுத்துக் கருத்தில் என்ன எழுத வேண்டும்?

ஒரு பக்கம் போதும். நிகழ்ச்சி நிரலின் எண், விதி எண், ஆதரவா எதிர்ப்பா திருத்தமா என்பது முதல் இரண்டு வரியில். பிறகு நீங்கள் எங்கே, எதில் (கயாக், சொந்தப் படகு, கட்டணப் படகு, பியர்), எந்த மீனுக்குப் போகிறீர்கள் என்பது. கவுன்சிலைப் பொறுத்தவரை இது மரியாதைக்காக எழுதுவதல்ல: பேசுபவர், எழுதுபவர் தம் பின்னணியையும் அந்த விஷயத்தில் தமக்குள்ள நலனையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்றும், கொடுக்கும் தகவலின் மூலத்தையும் தேதியையும் குறிப்பிட வேண்டும் என்றும் மேக்னசன் சட்டமே சொல்கிறது.

அடுத்து உங்கள் மாற்று. ஆழ எல்லை என்றால் ஆயத்தொலைவுகளோடு எழுதுங்கள். சட்டத்தில் '50 பாகம் கோடு' என்பது உண்மையான கடலடி வளைவு அல்ல, அட்சரேகை தீர்க்கரேகைப் புள்ளிகளை இணைத்த கோடு. ஒரு புள்ளி தவறான இடத்தில் இருப்பதால் நல்ல மணல் தரை முழுவதும் தடைக்குள் விழுகிறது என்று காட்டினால் அந்தப் புள்ளியை நகர்த்துவது நடக்கக்கூடிய காரியம்.

நகலெடுத்த கடிதங்கள் 500 வந்தாலும், மாநில நடைமுறையில் அவற்றை ஒரே கருத்தாகத் தொகுத்து ஒரே பதில் எழுதிவிடலாம். ஆனால் விதி வகுப்பு தொடர்பான ஒவ்வொரு தனிக் கருத்துக்கும், ஏற்காவிட்டால் ஏன் என்று இறுதி விளக்க அறிக்கையில் பதில் எழுதியே ஆக வேண்டும். ஐந்து வெவ்வேறு காரணங்களோடு ஐந்து பேர் எழுதுவது, ஐந்நூறு பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்துப் போடுவதைவிட வேலை வைக்கும்.

பேச எவ்வளவு நேரம் கிடைக்கும்?

ஆணையத்தில் பெரும்பாலும் 3 நிமிடம் அல்லது அதற்கும் கீழே; கூட்டம் அதிகமானால் தலைவர் 1 நிமிடமாகக் குறைப்பார். கவுன்சிலில் வழக்கமாகத் தனிநபருக்கு 5 நிமிடம், அமைப்பின் பிரதிநிதிக்கு 10. ஒரு நிமிடத்துக்குள் முடியும் வடிவத்தையும் தயாராக வைத்திருங்கள். கோரிக்கையை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லாததைப் பற்றிப் பேசத் தனிப் பகுதி உண்டு. ஆனால் 10 நாள் முன்பே வெளியிட்ட நிரலில் இல்லாத எதிலும் அவர்கள் அன்று முடிவெடுக்க முடியாது. உறுப்பினர்கள் முகத்தை உம்மென்று வைத்திருந்தால் அது அலட்சியம் அல்ல, சட்டம்.

படகுத்துறையில் நின்று மீனை அளப்பவர்களிடம் உண்மையைச் சொல்லலாமா? பிடித்ததைச் சொன்னால் வரம்பைக் குறைத்துவிட மாட்டார்களா?

சொல்லுங்கள். கூட்டத்தில் பேசுவதைவிட இதுதான் கனமான பங்கேற்பு.

அவர்கள் வார்டன்கள் அல்ல. 2004 முதல் நடக்கும் கலிஃபோர்னியா பொழுதுபோக்கு மீன்பிடிக் கணக்கெடுப்பின் ஊழியர்கள். படகுத்துறை, பியர், கடற்கரை, கட்டணப் படகு என்று போய், எத்தனை பேர், எங்கே, எவ்வளவு ஆழம், எத்தனை வைத்துக்கொண்டீர்கள், எத்தனையை விட்டீர்கள் என்று கேட்டு, மீனை அளந்து எடை போடுவார்கள். இதோடு உரிமம் வைத்திருப்பவர்களிடம் தொலைபேசிக் கணக்கெடுப்பும் சேரும். இரவில் போகிறவர்களும் தனியார் படகுத்துறையிலிருந்து புறப்படுபவர்களும் ஊழியர் கண்ணில் படமாட்டார்கள் என்பதால் அந்தத் தொலைபேசி முக்கியம். எடுங்கள். 'இந்த மாதம் போகவே இல்லை' என்பதும் தரவுதான்.

விட்ட மீனை ஊழியர் பார்க்க முடியாது, உங்கள் வாய்ச்சொல்தான் கணக்கு. இங்கே பெயர் தெரியாமல் 'ஏதோ ராக்ஃபிஷ்' என்று சொல்வது கெடுதல். குவில்பேக், காப்பர், சைனா ஆகிய மூன்றையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறைத்தால் என்ன ஆகும்? கூட்டாட்சித் தரைமீன் கணக்கில், மதிப்பீட்டின் நம்பகத்தன்மையைப் பொறுத்து மேல் வரம்பிலிருந்து ஒரு பகுதி முன்னெச்சரிக்கையாக வெட்டப்படுகிறது. கவுன்சில் வழக்கமாக எடுக்கும் இடர் அளவில், தரவு நன்றாக உள்ள இனத்துக்கு வெட்டு ஏறத்தாழ 6 சதவீதம், நடுத்தரமானதுக்கு 12, தரவு மோசமானதுக்கு 22. மதிப்பீடு பழசாக ஆக இந்த வெட்டு கூடிக்கொண்டே போகும். மீன் குறைவாக இருப்பதால் அல்ல, தெரியாததால் இழக்கும் மீன் இது. கலிஃபோர்னியா குவில்பேக்கின் 2021 மதிப்பீடு, பிடிப்பளவையும் நீளத்தையும் மட்டும் வைத்துச் செய்யப்பட்டது. வயதுத் தரவு சேர்க்கப்படவில்லை. அதன் முடிவில்தான் 2023 ஆகஸ்டில் வடக்கே கரையோர ராக்ஃபிஷ் பிடிப்பு சீசன் நடுவிலேயே நின்றது. 2025இல் அந்த இனம் மீண்டும் மதிப்பிடப்பட்டது. வயதை அறிய மீனின் காதுக்கல்லை எடுத்து வளையங்களை எண்ணுவார்கள்; சதையை எடுத்த பின் எலும்புக்கூட்டைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

சால்மன் தலையைக் கேட்கிறார்களே, எதற்கு?

முதுகுத் துடுப்புக்குப் பின்னால் உள்ள சிறு கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால், மீனின் மூக்குப் பகுதியில் சுமார் 1 மில்லிமீட்டர் நீளக் குறியீட்டுக் கம்பி இருக்கக்கூடும். எந்தக் குஞ்சு பொரிப்பகம், எந்த ஆண்டு, எங்கே விட்டது எல்லாம் அதில் தெரியும். மத்தியப் பள்ளத்தாக்குப் பொரிப்பகங்களின் இலையுதிர் சினூக்கில் நான்கில் ஒன்றுக்கு இப்படிக் குறி வைக்கிறார்கள். எந்தப் பகுதியில், எந்த மாதத்தில் எந்த ஆற்று மீன் அடிபடுகிறது என்ற மொத்தக் கணக்கும் இந்தத் தலைகளில் நிற்கிறது. வீட்டில் தலைக்கறிக் குழம்புக்குக் காத்திருந்தால் வருத்தம்தான், ஆனால் கொடுங்கள்.

சிங்கி இறால் பிடிப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: அறிக்கை அட்டையை ஏப்ரல் 30க்குள் சமர்ப்பிக்க வேண்டும், ஒன்றுகூடப் பிடிக்காவிட்டாலும்.

விட்ட மீன் செத்ததாகக் கணக்கு வைக்கிறார்களாமே?

ஆமாம். ஆழத்திலிருந்து சட்டென்று இழுத்த ராக்ஃபிஷின் காற்றுப்பை ஊதி, கண் பிதுங்கி, மீன் மேலே மிதக்கும். 30 பாகம் தாண்டிய ஆழத்தில் பிடித்து மேற்பரப்பிலேயே விட்ட மஞ்சள்கண் ராக்ஃபிஷை ஏறத்தாழ முழுக்கச் செத்ததாகவே கணக்கிடுவார்கள். இறக்கிவிடும் கருவியால் மீனைக் கவ்வி, எடை கட்டி, பிடித்த ஆழத்துக்கே கொண்டுபோய் விட்டால் பெரும்பகுதி பிழைக்கிறது. தூண்டில்காரர்களே இந்தக் கருவிகளைப் பரப்பினார்கள். ஆய்வாளர்கள் பிழைப்பு விகிதத்தை அளந்தார்கள். கவுன்சில் கணக்கில் குறைந்த இறப்பு விகிதத்தை ஏற்றுக்கொண்டது. கணக்கெடுப்பவரிடம் 'விட்டேன்' என்று நிறுத்தாமல் 'கருவியால் இறக்கிவிட்டேன், இத்தனை பாகத்தில்' என்று சொல்லுங்கள். நூறாண்டுக்கு மேல் வாழும் மஞ்சள்கண் 2002இல் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. இருப்பு மீள்வது மெதுவாகத்தான் நடக்கும்.

ஆலோசனைக் குழுவில் இடம் கிடைக்குமா?

கவுன்சிலின் சால்மன், தரைமீன் ஆலோசனைக் குழுக்களில் பொழுதுபோக்கு மீனவர்களுக்கும் கட்டணப் படகுக்காரர்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். காலம் 3 ஆண்டு. இடம் காலியானால் கவுன்சில் அறிவிக்கும்; விண்ணப்பமும் ஆதரவுக் கடிதங்களும் போதும். விண்ணப்பிக்குமுன் ஒரு கூட்டமாவது முழுக்க உட்கார்ந்து பாருங்கள். நாள் முழுக்க நடக்கும், அட்டவணைகள் நிறைய.

கவுன்சில் உறுப்பினர் ஆவது வேறு வழி. ஆளுநர் ஒரு காலியிடத்துக்குக் குறைந்தது மூன்று பெயர் அனுப்ப, வணிகத்துறை அமைச்சர் ஒருவரை நியமிப்பார். 3 ஆண்டுக் காலம், தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் கூடாது. மீன்பிடியில் உள்ள பண நலன்களை வெளியிட வேண்டும்.

யாரிடமும் கேட்காமல் திடீரென்று மாற்றிவிடுகிறார்களே?

அவசர விதி என்று ஒன்று உண்டு. மாநிலத்தில் 180 நாள், பிறகு நீட்டிக்கலாம். 2023இல் சால்மன் மூடியதும், படகுகள் எல்லாம் ஹாலிபட் பக்கம் திரும்பும் என்று கணித்து, பாயின்ட் சர் முனைக்கு வடக்கே கலிஃபோர்னியா ஹாலிபட் வரம்பை ஜூன் 1 முதல் 3இலிருந்து 2 ஆக்கினார்கள். அவசர விதி நிரந்தர விதியாக மாறும்போது வழக்கமான நடைமுறை வந்தே தீரும். உங்கள் வாய்ப்பு அங்கே. கூட்டாட்சி விதியை நீதிமன்றத்தில் எதிர்க்க நினைப்பவர்களுக்கோ விதி வெளியான நாளிலிருந்து 30 நாள்தான்.

மெக்சிகோ வளைகுடாவில் மாநிலங்களே கணக்கெடுக்கின்றனவே, இங்கே ஏன் இல்லை?

அங்கே நம்மூர்ச் சங்கரா வகையான ரெட் ஸ்னாப்பரால் வந்த சண்டை அது. 2017இல் தனியார் படகுகளுக்குக் கூட்டாட்சிக் கடலில் முதலில் 3 நாள் சீசன் அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு 39 நாள் கூட்டினார்கள். கூட்டாட்சிக் கணக்கெடுப்பு இவ்வளவு குறுகிய சீசனை அளக்க ஏற்றதல்ல என்ற புகார் நியாயமானது. அலபாமாவில் கரையேறும் முன் படகுக்கு ஓர் அறிக்கை கட்டாயம். மிசிசிப்பியில் புறப்படும் முன்பே அனுமதி எண் வாங்க வேண்டும். 2020 முதல் ஐந்து வளைகுடா மாநிலங்களும் தங்கள் பங்குக்குள் சீசனைத் தாமே வகுக்கின்றன. தலைவலி இல்லாமல் இல்லை: ஐந்து மாநிலமும் ஐந்து அளவுகோலில் எண்ணுவதால் பொது அளவுக்கு மாற்றுவதில் ஓயாத சச்சரவு. கலிஃபோர்னியாவில் மாநிலக் கணக்கெடுப்பு 2004 முதல் மாதாமாதம் மதிப்பீடு தருவதால் அந்தப் பிரச்சினை அவ்வளவு எழவில்லை.

கடல் பாதுகாப்புப் பகுதிகளின் எல்லையை இனி மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் மலையேற்றம். 1999 சட்டத்தின் கீழ் வட்டாரம் வட்டாரமாக, பயனாளர் குழுக்கள் வரைபடம் போட்டு, 2012இல் 124 பகுதிகளோடு வலையமைப்பு முடிந்தது. மாநிலக் கடலில் சுமார் 16 சதவீதம். பத்தாண்டு மீளாய்வுக்குப் பின் எல்லை மாற்ற மனுக்களை ஆணையம் பரிசீலிக்கத் தொடங்கியது. விரிவாக்கம் கேட்பவர்களும் திறக்கக் கேட்பவர்களும் அதே எஃப்.ஜி.சி. 1 படிவத்தில்தான் வருகிறார்கள். ஒரு பகுதியைத் திறக்கக் கேட்டால் அது மொத்த வலையமைப்பின் இடைவெளியையும் வாழிட அளவையும் எப்படிப் பாதிக்கும் என்று காட்ட வேண்டும். அந்தக் கணக்கு இல்லாத மனு தாங்காது.

நேரில் போகவேண்டுமா?

வேண்டியதில்லை. ஆணையம் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கவுன்சில் மார்ச், ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் என்று ஐந்து முறை, வெவ்வேறு ஊர்களில் கூடுகின்றன. இரண்டையும் இணையத்தில் பார்க்கலாம், அங்கிருந்தே பேசவும் வழி இருக்கிறது. பேசப் பதிவுசெய்ய வேண்டிய நேரமும் எழுத்துக் கருத்துக்கான கெடுவும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நிரலில் அச்சிடப்படும். கவுன்சிலுக்கு இரண்டு கெடு உண்டு. முதல் கெடுவுக்குள் அனுப்பினால் உறுப்பினர்கள் ஊரிலிருந்து கிளம்புமுன் படித்திருப்பார்கள், இரண்டாவதில் அனுப்பினால் கூட்டத்தின் நடுவே கையில் வரும் கட்டோடு சேரும். நேரில் போக முடிந்தால், பேசும் நாளைவிட ஆலோசனைக் குழு கூடும் நாளில் போங்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மாநிலப் பிரதிநிதியைப் பிடித்து இரண்டு நிமிடம் வரைபடத்தைக் காட்டலாம்.